கண் நோய் மருந்தாய்வு: துண்டுச் சீட்டு, ஒப்புதல் படிவம், வருகைக் கெடு பற்றிச் சில ஐயங்கள்

கேள்வி: தோவாளைத் தென்றல்

மன்றத்தாருக்கு வணக்கம்.

நான் ஆப்டோமெட்ரி படித்தவள்; நாகர்கோவிலை ஒட்டிய ஒரு கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்குவதற்கு, கண்ணுக்குள் போடும் ஒரு புதிய ஊசி மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் எங்கள் மருத்துவமனையும் ஒரு மையமாகச் சேரவிருக்கிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்துவிட்டது. ஆய்வு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஜி.சி.பி. (நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை) பயிற்சியை முடித்துச் சான்றிதழும் பெற்றுவிட்டேன். ஆனால் பயிற்சியில் கேட்டவற்றை எங்கள் புறநோயாளிப் பிரிவின் நெரிசலுக்குள் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதில் எனக்குச் சில ஐயங்கள் இருக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எங்களிடம் கூட்டம் மிகுந்த வேளைகளில் பார்வை அளவையும் கண்ணழுத்தத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். அவர் அதை அடுத்த அறைக்கு எடுத்துச் செல்வார். மாலையில் யாராவது ஒருவர் உட்கார்ந்து எல்லாச் சீட்டுகளையும் கோப்புகளில் எடுத்தெழுதுவார். பிறகு சீட்டுகள் குப்பைக்குப் போகும். அன்றாட சிகிச்சையில் இதனால் பெரிய குழப்பம் வந்ததில்லை என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். ஆய்வு நோயாளிகளுக்கும் இதே முறையை வைத்துக்கொள்ளலாமா?

அடுத்தது ஒப்புதல் படிவம் பற்றியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழகத்திலேயே முதலிடம். எங்களிடம் வரும் பெரியவர்களும் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். ஆயினும் நோயே பார்வையைப் பாதித்திருப்பதால் இருபது பக்கத் தகவல் தாளை அவர்களால் படிக்க முடிவதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஆனால் இப்போது படிக்க முடியாதவர் என்ற இந்த நிலையை எப்படிக் கையாள்வது?

கடைசியாக, ஊசி போட்ட பிறகு குறித்த நாள்களுக்குள் மறுவருகை நடக்க வேண்டும் என்று ஆய்வின் செயல்திட்டமான புரோட்டோக்கால் சொல்கிறது. எங்கள் நோயாளிகளில் ஆழ்கடலுக்குத் தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகிறவர்களும், குலசேகரம், அருமனை பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் நிறைய. கெடு தவறினால் எதை, எப்படிப் பதிவு செய்வது?

மறுமொழி 1: புலியூர்க்குறிச்சி

சகோதரிக்கு வணக்கம். கண் ஆய்வுகளில் நீண்ட காலம் ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மன்றத்தில் இருக்கிறார்கள்.

நீங்கள் குப்பையில் போடுவதாகச் சொல்லும் அந்தச் சீட்டுதான் மூல ஆவணம். ஒரு தகவல் முதன்முதலில் எந்தத் தாளில் பதிகிறதோ அதுவே மூலம். மாலையில் கோப்பில் எழுதப்படுவது அதன் நகல் மட்டுமே. கண்காணிக்க வரும் மானிட்டரோ, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளரோ கோப்பில் 62 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, இதை அளந்தவர் யார், எப்போது அளந்தார், எழுதியவரும் அவர்தானா என்று கேட்டால், சீட்டைத் தொலைத்த மையத்திடம் விடை இருக்காது. அளவு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது சரி என்று காட்ட வழியில்லாமல் போய்விடுகிறது. எழுதியவர் யாரென்று தெரிய வேண்டும், படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், நடந்தபோதே எழுதப்பட்டிருக்க வேண்டும், மூலமாக இருக்க வேண்டும், துல்லியமாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் ஐந்து பண்புகளைச் சொல்லித் தந்திருப்பார்கள். மாலையில் எடுத்தெழுதும் வழக்கம் முதல் பண்பையும் மூன்றாவதையும் நான்காவதையும் ஒருசேரக் கெடுத்துவிடுகிறது.

நெரிசலைச் சமாளிக்க ஒரு வழி சொல்கிறேன். ஆய்வு நோயாளிக்கென்று ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பணித்தாளை முன்கூட்டியே அச்சிட்டு, ஆய்வு எண்ணையும் வருகையின் பெயரையும் எழுதி, அட்டையில் செருகி வைத்துவிடுங்கள். நோயாளி அறை அறையாகப் போகும்போது அந்த அட்டையும் கூடவே போகட்டும். ஆனால் நோயாளியின் கையில் போகக் கூடாது, ஆய்வுப் பணியாளர் ஒருவரின் கையில் போக வேண்டும். அளப்பவர் அங்கேயே எழுதி, நேரத்தைக் குறித்து, சுருக்கொப்பம் இட்டுவிட்டால் மாலையில் எடுத்தெழுத எதுவும் மிஞ்சாது. அப்படியும் எப்போதாவது ஒருவர் சீட்டில் எழுதிவிட்டால், அந்தச் சீட்டில் தேதியும் ஒப்பமும் வாங்கி, பணித்தாளோடு இணைத்து வையுங்கள். அதை நன்றாக எழுதிவிட்டோமே என்று கிழித்துப் போடவே கூடாது.

கண் மருத்துவத்துக்கே உரிய சில இடர்கள் பொதுவான பயிற்சிகளில் இடம்பெறுவதில்லை என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டரும் காற்றடித்து அழுத்தம் பார்க்கும் கருவியும் துப்பும் சிறு தாள்கள் வெப்பத்தால் அச்சாகுபவை. நம் ஊரின் புழுக்கத்தில் சில மாதங்களிலேயே எழுத்து மங்கத் தொடங்கி, ஆய்வு முடியும்போது வெற்றுத் தாளாகிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தின் மெய்யான நகல் என்று எழுதி, ஒப்பமும் தேதியும் இட்டு, இரண்டையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். மூலத்தின் மீது செலோடேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசையே அச்சைத் தின்றுவிடும்.

இன்னொன்று, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவியின் கடிகாரம். மின்சாரம் போய் வந்த பிறகு அந்தக் கடிகாரம் தவறான நேரம் காட்டுவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒப்புதல் படிவத்தில் 11.10 என்றும், ஆய்வுக்கென்றே எடுத்த ஸ்கேனில் 10.40 என்றும் இருந்தால், ஒப்புதல் பெறுவதற்கு முன்பே ஆய்வுப் பரிசோதனையைச் செய்துவிட்டார்கள் என்றுதான் எவரும் பொருள் கொள்வார்கள். அது மிகக் கடுமையான குற்றச்சாட்டு. தினமும் காலையில் கருவியின் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டு ஒரு பதிவேட்டில் குறிப்பது ஒரு நிமிட வேலை. படங்களை மதிப்பிடும் ரீடிங் சென்டருக்கு அனுப்பும்போது நோயாளியின் பெயர் படத்தின் மூலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வு எண் மட்டுமே போக வேண்டும். ஆய்வு நடுவில் இருக்கும்போது வேறு நிறுவனத்தின் ஓ.சி.டி.க்கு மாறுவதாக நிர்வாகம் முடிவெடுத்தால் உடனே ஸ்பான்சருக்கு, அதாவது ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கு, தெரிவியுங்கள். விழித்திரையின் அடி எல்லையை ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் அடுக்கில் வைத்து அளப்பதால், ஒரே கண்ணுக்கு இரு கருவிகள் இரு வேறு தடிமனைச் சொல்லும். மருந்தால் வந்த மாற்றம் எது, கருவியால் வந்த மாற்றம் எது என்று பிறகு பிரிக்க முடியாது.

திருத்தங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒற்றைக் கோடு, பழைய எழுத்து தெரிய வேண்டும், புதிய எழுத்து, சுருக்கொப்பம், தேதி, காரணம். ஒயிட்னர் புட்டியே ஆய்வு அறைக்குள் வரக் கூடாது.

மறுமொழி 2: வில்லுக்குறி ஆப்டோம்

உங்களைப் போலவே பார்வை அளக்கும் தொழிலில் இருப்பவன் நான். புலியூர்க்குறிச்சி ஐயா சொன்னவற்றோடு எழுத்துக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் உங்கள் ஆய்வில் மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதை முடிவு செய்யப் போவது பெரும்பாலும் அந்த ஒரு தாள்தான்.

நாள்தோறும் நாம் 6/6, 6/9, 6/12 என்று எழுதிப் பழகியவர்கள். ஆய்வில் இ.டி.டி.ஆர்.எஸ். எனப்படும் எழுத்து அட்டை. நான்கு மீட்டர் தூரம், வரிக்கு ஐந்து எழுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பெண். நோயாளி சரியாகச் சொன்ன ஒவ்வோர் எழுத்தையும் அவர் சொல்லும்போதே வட்டமிட வேண்டும். வரியை முடித்துவிட்டு, நான்கு சொன்னார் என்று நினைவிலிருந்து எழுதக் கூடாது. நான்கு மீட்டரில் 20 எழுத்துக்குக் குறையாமல் படித்தால் அந்த எண்ணோடு 30 சேர்க்கிறோம். 20க்குக் குறைந்தால் ஒரு மீட்டரில் முதல் ஆறு வரிகளை உண்மையாகவே படிக்கச் செய்து அந்த எண்ணைச் சேர்க்கிறோம். இந்த இடத்தில் கூட்டல் தவறுவது மிகச் சாதாரணமாக நடப்பதால், கூட்டலை இன்னொருவர் சரிபார்த்து ஒப்பமிடுவது நல்லது. வட்டமிட்ட தாளைத்தான் கோப்பில் வைக்க வேண்டும். கூட்டுத்தொகையை மட்டும் வேறு தாளில் எழுதி வைத்தால் போதாது.

ஓர் எழுத்து, இரண்டு எழுத்து என்பதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். கருவிழியில் பூஞ்சைத் தொற்றால் வரும் புண்ணுக்கு நாட்டமைசின் நல்லதா, வோரிகோனசோல் நல்லதா என்று நம் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. 323 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மூன்று மாத முடிவில் நாட்டமைசின் குழுவின் பார்வை சராசரியாக 0.18 லாக்மார் (பார்வைக் கூர்மையின் அலகு) அளவு சிறப்பாக இருந்தது. எழுத்தாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்பது எழுத்து. இரண்டு வரிகூட முழுதாக இல்லை. வயலிலும் தோப்பிலும் கண்ணில் தூசும் ஓலையும் பட்டு வருகிறவர்களுக்கு எந்த மருந்தை முதலில் தர வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தியது அந்த ஒன்பது எழுத்து. அளப்பவர்கள் ஆளுக்கொரு விதமாக அளந்திருந்தால் அது கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

இனி நீங்கள் சந்திக்கப் போகும் நெருக்கடியைச் சொல்கிறேன். 73 எழுத்துக்கு மேல் படிப்பவரைச் சேர்க்கக் கூடாது என்று புரோட்டோக்கால் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் இருப்பவர் 74 படிக்கிறார். சிகிச்சைச் செலவைத் தாங்க முடியாத குடும்பம். வெளியே மகன் காத்திருக்கிறார். மருத்துவருக்கும் அவரைச் சேர்த்துவிட ஆசை. கடைசி எழுத்தை அவர் தயங்கித்தானே சொன்னார், விட்டுவிடலாமே என்று ஒரு குரல் வரும். தயங்கிச் சொன்னாலும் சரியாகச் சொன்னால் அது ஓர் எழுத்துதான். தெரியாவிட்டாலும் ஊகித்துச் சொல்லுங்கள் என்று நாம்தானே அவரிடம் கேட்டுக்கொள்கிறோம். 74 என்றே எழுதுங்கள். சேர்க்க இயலாதவர்களின் பட்டியலில் காரணத்தோடு அவர் இடம்பெறட்டும். மறுபடி அளக்கப் புரோட்டோக்கால் இடம் தந்தால் மட்டும் அளந்து, இரண்டு தாள்களையும் வையுங்கள்.

அறையைப் பற்றியும் ஒரு சொல். காத்திருப்போர் பெஞ்சு பரிசோதனை அறையின் வாசலிலேயே இருந்தால், உள்ளே ஒருவர் உரக்கப் படிப்பதை அடுத்தவர் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார். யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை. நன்றாகப் படித்துக் காட்ட வேண்டும் என்ற இயல்பான ஆசைதான். பெஞ்சைத் தள்ளிப் போடுங்கள். வலக் கண்ணுக்கு ஓர் அட்டை, இடக் கண்ணுக்கு இன்னொன்று, கண்ணாடி எண் பார்க்க மூன்றாவது என்று வைத்திருப்பதும் இதற்காகவே. ஆங்கில எழுத்து தெரியாதவர்களுக்கு எந்த அட்டையைப் பயன்படுத்தலாம் என்று ஸ்பான்சரிடம் முதலிலேயே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருகையில் எந்த அட்டையோ கடைசி வருகை வரை அதே அட்டை.

நீங்கள் பார்வை அளப்பவராகவும் இருப்பீர்களானால், எந்த ஊசி போடப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. ஒருங்கிணைப்பாளர் மருந்துப் பெட்டியையும் கையாள்வார், பார்வையையும் அளப்பார் என்றால், யாருக்கு எந்த மருந்து என்பதை அளப்பவரிடமிருந்து மறைத்து வைக்கும் மறைப்பு உடைந்துவிடும். ஊசி விவரத் தாள்களைத் தனிக் கோப்பில் பூட்டி வைத்து, அதைத் திறப்பவர் யார் என்று, எந்தப் பணி யாருடையது எனக் காட்டும் பொறுப்புப் பகிர்வுப் பதிவேட்டில் தெளிவாக எழுத வேண்டும். இதை முதல் நோயாளி வருவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள், தங்கையே.

தோவாளைத் தென்றல்

இருவருக்கும் மிக்க நன்றி. பார்வை அளக்கும் பொறுப்பிலிருந்து என்னை விலக்கி, வேறொருவருக்குச் சான்றிதழ் பெற்றுத் தருமாறு மருத்துவரிடம் இன்று கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது, நீங்களே எழுதிவிடுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று மருத்துவர் சொன்னால் என்ன செய்வது? ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனை மூடியிருக்கும்போது மின்சாரம் போனால் அதை எப்படிப் பதிவு செய்வது?

மறுமொழி 3: மார்த்தாண்டம் வழக்கறிஞர்

நெறிமுறைக் குழு ஒன்றில் சட்ட வல்லுநராக இருந்து வருகிறேன். அம்மா கேட்ட ஒப்புதல் கேள்வி என் மனத்துக்கு மிக நெருக்கமானது. கண் ஆய்வுகளின் கோப்புகளைப் பார்க்கும்போது நான் முதலில் திருப்புவதும் அந்தப் பக்கத்தைத்தான்.

விதி எழுத்தறிவைப் பற்றிப் பேசுவதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பங்கேற்பவரால் படிக்க இயலவில்லை என்றால், ஒப்புதல் பற்றிய உரையாடல் தொடங்கியதிலிருந்து முடியும்வரை பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. படிக்க இயலாமைக்குக் காரணம் பள்ளிக்குப் போகாததா, விழித்திரை வீங்கியிருப்பதா என்ற வேறுபாடு அதில் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியராகவே இருந்தாலும், அன்று அவரால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது என்றால் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி உங்கள் மருத்துவமனையின் செவிலியராகவோ, ஆய்வில் வேலை செய்பவராகவோ இருக்கக் கூடாது. அவர் ஏன் தேவைப்பட்டார் என்பதையும் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்: இன்ன அளவு பார்வை இருப்பதால் இன்னார் தாமே படிக்க இயலவில்லை, இன்னார் முன்னிலையில் முழுவதும் படித்துக் காட்டப்பட்டது, அவர் கேட்ட கேள்விகள் இவை என்று. கேள்விகளை எழுதுவதை நான் குறிப்பாக வற்புறுத்துகிறேன். "இந்த ஊசி போட்டா எனக்க மற்ற கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று ஒரு பெரியவர் கேட்டதை ஒரு கோப்பில் அப்படியே எழுதி, மருத்துவர் சொன்ன பதிலையும் கீழே குறித்திருந்தார்கள். அவர் புரிந்துகொண்டுதான் சம்மதித்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இதைவிட எளிதாகத் தவிர்க்கக் கூடிய ஒரு கோளாறு உண்டு. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு உட்கார வைத்துவிட்டு, அந்தக் காத்திருப்பு நேரத்தில் ஒப்புதல் படிவத்தை நீட்டுவது. நேரம் மிச்சமாகிறது என்று செய்கிறார்கள். ஆனால் சொட்டு விட்டபின் கிட்டத்துப் பார்வை மங்கிவிடும். அதற்குமுன் படிக்கக் கூடியவராக இருந்தவரையும் நாமே படிக்க முடியாதவராக்கி, அதன் பிறகு படித்துக் கையெழுத்திடுங்கள் என்கிறோம். சொட்டு விட்ட நேரத்தையும் ஒப்புதல் நேரத்தையும் ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும். தகவல் தாளை முதல் நாளே பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்து, வீட்டில் மகளோ பேரனோ படித்துக் காட்டட்டும் என்று அனுப்பி, மறுநாள் சொட்டு விடுவதற்குமுன் பேசி முடிப்பது நல்ல முறை. பெரிய எழுத்துப் பிரதிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். விளவங்கோடு பக்கத்திலிருந்து வருகிறவர்களில் மலையாளம் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு மலையாளப் பிரதி. தமிழில் பேசுகிறாரே என்று தமிழ்ப் படிவத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, புதிய வேதிப்பொருள் அல்லது புதிய மூலக்கூறு பற்றிய ஆய்வில் நலிந்த நிலையிலுள்ளவர்களைச் சேர்க்கும்போது ஒப்புதல் நடைமுறையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் மருந்து அந்த வகையில் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு செய்தால், மருத்துவர் விளக்குவதும் நோயாளி தம் வாயால் புரிந்துகொண்டதைச் சொல்வதும் இரண்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். கையெழுத்திடும் காட்சியை மட்டும் எடுத்து வைப்பதில் பயனில்லை.

படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், நியமனதாரர் பெயர் ஆகிய கட்டங்களைப் பலர் வெறுமையாக விடுகிறார்கள். ஆய்வின் காரணமாக உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீட்டை யாரிடம் தருவது என்பதற்கு அந்தப் பெயர்தான் வழி. இழப்பீட்டுச் சூத்திரத்தில் 8 லட்சம் ரூபாய் அடிப்படைத் தொகை. அதை வயதுக்கான எண்ணாலும் இடர் எண்ணாலும் பெருக்கி 99.37ஆல் வகுக்கிறார்கள். ஆகவே, ஏறத்தாழ அறுபது என்று வயதை எழுதுவது ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய பணத்தையே மாற்றிவிடும். ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால், கடற்கரை ஊர்களில் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் சரியான தேதி கிடைக்கும். அதன் நகலை வாங்கி வையுங்கள்.

தீவிரப் பாதகம் (மரணம், மருத்துவமனையில் சேரும் நிலை போன்ற கடுமையான பாதிப்பு) எதுவானாலும், நிகழ்ந்த 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிமம் வழங்கும் அதிகாரிக்கும், ஸ்பான்சருக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வு மருத்துவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி. கண்ணில் வரும் பாதகம் மட்டும் இதில் அடங்கும் என்று எண்ண வேண்டாம். நெஞ்சுவலி வந்து திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருப்பார். அடுத்த வருகையில்தான் பேச்சுவாக்கில் சொல்வார். அப்போது, நிகழ்ந்த நாள், உங்களுக்குத் தெரிந்த நாளும் நேரமும், தாமதத்துக்கான காரணம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதி அன்றே அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைப் பிறகு வாங்கிச் சேர்க்கலாம். அது கிடைக்கும்வரை அறிக்கையை நிறுத்தி வைக்கக் கூடாது.

இதைப் படிக்கும் வேறு மையத்தாருக்காக ஒன்று. சொந்த நெறிமுறைக் குழு இல்லாத மையம் வேறொரு குழுவின் ஒப்புதலைப் பெறலாம். ஆனால் அந்தக் குழு அதே நகரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ இருக்க வேண்டும். மார்த்தாண்டத்துக்குத் திருவனந்தபுரம் அந்த எல்லைக்குள் வரும்; நாகர்கோவிலுக்கு வராது.

மறுமொழி 4: குளச்சல் கரை

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. கடலோர ஊர்களில் சமூகப் பணி செய்கிறவள், ஓர் ஆய்வில் களப்பணியாளராகவும் இருந்திருக்கிறேன். மூன்றாவது கேள்வியைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் இருப்பதை ஆய்வு நடத்துகிறவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருப்பதால் கண்ணைக் காட்ட வருகிறார்கள். மையங்களும் மகிழ்ச்சியோடு ஜூன், ஜூலையில் சேர்த்துக்கொள்கின்றன. ஆகஸ்ட் பிறந்ததும் அவர்கள் தங்கலுக்குப் போய்விடுவார்கள். தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் வாரக் கணக்கில் கடலிலேயே இருப்பவர்கள். 28 நாளுக்கு ஒரு முறை, ஏழு நாள் முன்பின் என்ற கெடு அங்கே அறுந்துபோகும். சேர்ப்பதற்குமுன், ஆகஸ்டுக்குப் பிறகு எத்தனை நாள் தங்கல் என்று வெளிப்படையாகக் கேட்டு, அதற்கு அவர் சொன்ன பதிலை எழுதி வையுங்கள். வர இயலாதவரைச் சேர்ப்பது அவருக்கும் நல்லதல்ல. கண்ணுக்குள் ஊசி போட்டவருக்குச் சிவப்போ வலியோ வந்தால் கரைக்குத் திரும்ப எத்தனை நாளாகும் என்பதையும் நினைக்க வேண்டும்.

அப்படியும் கெடு தவறினால், தவறிய தேதியையே எழுதுங்கள். கெடுவுக்குள் வந்ததுபோலத் தேதியைச் சரிசெய்யச் சொல்லும் யோசனை எங்கிருந்து வந்தாலும் ஏற்க வேண்டாம். எப்போது அழைத்தீர்கள், யார் எடுத்தார், என்ன சொன்னார் என்று ஒவ்வொரு அழைப்பையும் தொலைபேசிப் பதிவேட்டில் குறித்துக்கொண்டே வந்தால், விலகல் அறிக்கை (புரோட்டோக்காலிலிருந்து விலகியதைத் தெரிவிப்பது) எழுதும்போது அதிலிருந்தே காரணம் கிடைத்துவிடும். எங்கள் பதிவேட்டில் "மனைவி எடுத்தார், போட் கொச்சியில் ஒதுங்கியிருக்கிறது, வெள்ளிக்கிழமை பேசச் சொன்னார்" என்பது போன்ற வரிகள் இருந்தன. மானிட்டர் அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பால் வெட்டுகிறவர்களின் சிக்கல் வேறு. விடியுமுன் வெட்டத் தொடங்கி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்க முற்பகலாகிவிடும். காலை எட்டு மணிக்குக் கண்ணழுத்தம் பார்க்க வேண்டும் என்றால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட பயணப்படியும் கூலி ஈடும் இருந்தால் அதைத் தவறாமல் கொடுத்து, ரசீதில் ஒப்பம் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: வீட்டில் கண்ணுக்கு வேறு என்ன விட்டீர்கள் என்று. நந்தியாவட்டைப் பூச்சாறு விடுவதும், வைத்தியசாலையில் எண்ணெய் வாங்கி விடுவதும், கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விடுவதும் இங்கே சகஜம். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் இவற்றையெல்லாம் மருந்தென்று எண்ணாததால் சொல்ல மாட்டார்கள். கடிந்துகொள்ளாமல், பெயர் சொல்லிக் கேட்டால் சொல்வார்கள். சொன்னதை உடன் மருந்துகளின் பட்டியலில் தேதியோடு எழுதுங்கள்.

மறுமொழி 5: புலியூர்க்குறிச்சி

தென்றல் சகோதரி கேட்ட இரண்டுக்கும் விடை சொல்லிவிடுகிறேன்.

மருத்துவர் பார்த்ததை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். எழுதியவர் நீங்கள், சொன்னவர் அவர் என்று தாளிலேயே தெரிய வேண்டும், அந்தப் பணி உங்கள் பெயருக்கு நேரே பொறுப்புப் பகிர்வுப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். அவர் மூன்று நாள் கழித்துக் கையெழுத்திட்டால் மூன்று நாள் கழித்த தேதியையே போடட்டும். தாமதம் ஒரு குறைதான், அதைத் திருத்திக்கொள்ளலாம். பின்தேதியிட்ட கையெழுத்து ஒன்று வெளிப்பட்டால், அதே மனிதரின் மற்ற எல்லாக் கையெழுத்துகளின் மீதும் ஐயம் விழும். பாதகம் ஒன்று மருந்தால் வந்ததா இல்லையா என்ற தீர்ப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்கள் எழுத வேண்டாம். அது மருத்துவரின் மதிப்பீடு, அவர் கையாலேயே வரட்டும்.

குளிர்பெட்டிக்குத் தானாகப் பதியும் டேட்டா லாகர் ஒன்றை ஸ்பான்சரிடம் கேட்டு வாங்குங்கள். உச்ச, தாழ்வு வெப்பத்தை மட்டும் காட்டும் கருவி இருந்தால், திங்கட்கிழமை காலையில் 11 டிகிரி என்று பார்ப்பீர்கள்; ஆனால் அது பத்து நிமிடமா பத்து மணி நேரமா என்று அதில் தெரியாது. எல்லை மீறியிருந்தால் அந்தக் குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் உள்ள இன்னொரு தட்டில், பயன்படுத்தக் கூடாது என்று எழுதி ஒட்டித் தனியே வையுங்கள், எறிந்துவிட வேண்டாம். பதிவை ஸ்பான்சருக்கு அனுப்பி, எழுத்து மூலம் விடை வரும்வரை அவற்றிலிருந்து எவருக்கும் ஊசி போடக் கூடாது, அன்று நோயாளி வந்து காத்திருந்தாலும்கூட. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஜெனரேட்டர் உள்ள எந்த இடத்துக்கு மருந்தை மாற்றுவது, யார் எடுத்துச் செல்வது, வழியில் வெப்பத்தை யார் குறிப்பது என்று எழுதி, அந்த இடத்துக்கு ஸ்பான்சரின் ஒப்புதலையும் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.